இரண்டாவது ரவுட்டருக்கு யார் சொல்வது?

கொழும்பில் ஓரளவு பெரிய அலுவலகம் எதற்குள் போனாலும் இப்போது இரண்டு இணைய இணைப்புகள் இருக்கும். ஒன்று ஃபைபர். மற்றது வேறொரு கொம்பனியின் 4ஜி, அல்லது இன்னொரு ஃபைபர். கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்ததும், 2022இன் மின்வெட்டுகளும் சேர்ந்துதான் இந்தப் பழக்கத்தை உண்டாக்கின என்று நினைக்கிறேன். இணையம் இல்லாத ஒரு மணி நேரம் எவ்வளவு நட்டம் என்று முதலாளிமாருக்கு இப்போது கணக்குத் தெரியும். அதனால் செலவழிக்கத் தயங்குவதில்லை. இரண்டு ரவுட்டர், இரண்டு லைன், ஒன்று போனால் மற்றது பார்த்துக்கொள்ளும் என்று நம்பி பில்லில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கோட்டையிலிருந்து வெள்ளவத்தை வரை இப்படியான சில அலுவலகங்களின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் தொழில். தேவைப்பட்ட நேரத்தில் இரண்டாவது ரவுட்டர் கைகொடுக்காமல் போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லா முறையும் அந்த ரவுட்டர் நல்லபடியாகத்தான் இருந்தது. முதலாவது செத்துவிட்டது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். எது சாவு என்று முன்கூட்டியே தீர்மானிக்காமல் இரண்டு பெட்டிகளை வாங்கி ராக்கில் பூட்டினால், காசு செலவானதே தவிரப் பாதுகாப்பு வரவில்லை.

அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கணினியின் நெட்வொர்க் விவரங்களைத் திறந்தால் டிஃபால்ட் கேட்வே என்று ஒரு முகவரி இருக்கும், 192.168.1.1 மாதிரி. அலுவலகத்துக்கு வெளியே போகவேண்டிய எல்லாவற்றையும் கணினி அந்த முகவரியிடம் கொடுத்துவிடும். அதற்கப்பால் என்ன ஆகிறது என்று பார்ப்பதில்லை. அந்தக் கேட்வே பேசாமல் போனால் பக்கத்தில் இன்னொரு ரவுட்டர் சும்மா நிற்பது கணினிக்குத் தெரியாது.

இதற்குப் பழைய காலத்திலேயே ஒரு தீர்வு முயன்றார்கள். 1991இல் வந்த ஆர்எஃப்சி 1256 என்ற ஆவணத்தின்படி, ரவுட்டர்கள் தாங்கள் இருப்பதை அவ்வப்போது அறிவிக்கும், கணினிகள் கேட்டுத் தெரிந்துகொள்ளும். ஆனால் அதன் இயல்பான கணக்கில் அறிவிப்புகளுக்கிடையில் 10 நிமிடம் வரை போகலாம், ஒரு அறிவிப்பு 30 நிமிடம் செல்லும். செத்த ரவுட்டரிடம் அரை மணி நேரம் பாக்கெட்டுகளை, அதாவது தரவின் சிறு பொதிகளை, கொடுத்துக்கொண்டிருக்கிற நிலைமை அது. அந்தக் காலத்து மின்னஞ்சலுக்கு அது போதுமாக இருந்திருக்கலாம்.

அப்புறம் வந்த வழிதான் நிலைத்தது. கணினியிடம் எதையும் மாற்றச் சொல்லாமல், ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசி ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்வது. புறக்கோட்டைக் கடையின் தொலைபேசி எண் கடைக்குத்தான் சொந்தம். முதலாளி எடுத்தாலும் மருமகன் எடுத்தாலும் வாடிக்கையாளர் சுழற்றுவது அதே எண்ணைத்தான். கேட்வே முகவரியும் அப்படி எந்த ஒரு ரவுட்டருக்கும் சொந்தமில்லாத மெய்நிகர் முகவரியாகிவிட்டது. ஐபி முகவரி மட்டுமில்லை, அதற்குக் கீழே, உள் நெட்வொர்க்கில் கருவியை அடையாளம் காட்டும் மாக் முகவரியும் பொதுவானது. யார் பொறுப்பில் இருக்கிறாரோ அவர் அந்த இரண்டையும் தூக்கிக்கொள்வார்.

நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ கொம்பனி இதை எச்எஸ்ஆர்பி என்ற பெயரில் செய்தது, 1998 மார்ச்சில் ஆர்எஃப்சி 2281 ஆக வெளிவந்தது. அடுத்த மாதமே எல்லாருக்கும் பொதுவான விஆர்ஆர்பி, ஆர்எஃப்சி 2338 ஆக வந்தது. தன் காப்புரிமை இதற்கும் பொருந்தும் என்று சிஸ்கோ சொன்னதால் ஓபன்பிஎஸ்டி என்ற இலவச இயங்குதளத்தை எழுதும் ஆட்கள் கோபப்பட்டு கார்ப் என்று தாங்களே ஒன்றை எழுதினார்கள். 2004இல் வந்த 3.5 பதிப்பில் அது இருந்தது. அதற்கென்று தனி நெறிமுறை எண் கிடைக்காததால் விஆர்ஆர்பியின் 112 என்ற எண்ணையே பயன்படுத்தினார்கள். இந்தப் பழங்கதையைச் சொல்வதற்குக் காரணம், அதன் விளைவு இன்றைக்கும் கண்முன்னே வரும். ஒரே நெட்வொர்க்கில் கார்ப் ஓடும் ஃபயர்வால் ஒன்றும் விஆர்ஆர்பி ஓடும் ரவுட்டர்களும் இருந்து, இரண்டு பக்கத்துக்கும் ஒரே குழு எண் 1 என்று வைத்திருந்தால், பொது மாக் முகவரி அந்த எண்ணிலிருந்து உருவாவதால், இரண்டும் ஒரே மாக் முகவரிக்கு உரிமை கோரும். எல்லாரும் 1 என்றுதான் வைக்கிறார்கள். நான் 1ஐ ஒருபோதும் வைப்பதில்லை.

வேலை செய்கிற விதம் எளிது. பொறுப்பில் இருக்கும் ரவுட்டர் விஆர்ஆர்பியில் நொடிக்கு ஒருமுறை 224.0.0.18 என்ற முகவரிக்கு 'நான் இருக்கிறேன்' என்று ஒரு சிறு செய்தி அனுப்பும். காத்திருக்கும் ரவுட்டர் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். மூன்று செய்திகளுக்கான நேரமும் அதற்கு மேல் ஒரு சிறு நேரமும் போயும் சத்தம் இல்லையென்றால் அது பொறுப்பை எடுத்துக்கொள்ளும். அந்தச் சிறு நேரம் ஒவ்வொரு ரவுட்டருக்கும் நாம் கொடுக்கும் முன்னுரிமை எண்ணைப் பொறுத்தது. இயல்பான முன்னுரிமையான 100இல் மொத்தம் ஏறத்தாழ 3.6 நொடி. முன்னுரிமை கூடினால் காத்திருப்பு குறையும், ஆகவே பலர் காத்திருந்தால் மூத்தவர் முதலில் எழும்புவார். சண்டையில்லாமல் வாரிசைத் தீர்மானிக்கிற இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். எச்எஸ்ஆர்பி கொஞ்சம் நிதானமானது, 3 நொடிக்கு ஒரு செய்தி, 10 நொடி பொறுமை. பொறுப்பை எடுத்தவுடன் புதியவர் 'இந்த ஐபி இந்த மாக்கில்' என்று சொல்லும் ஏஆர்பி அறிவிப்பு ஒன்றை எல்லாருக்கும் விடுவார், அதைப் பார்த்து, அலுவலகக் கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்ச் 'இந்த மாக் இனிமேல் அந்தப் பக்கம்' என்று கற்றுக்கொள்ளும். கணினிகளுக்கு எதுவும் தெரியாது.

முதலாவது ரவுட்டரின் கரண்டைப் பிடுங்கினால் இது அழகாக நடக்கும். விற்க வருபவர் எப்போதும் இதைத்தான் செய்து காட்டுவார். பிளக்கை இழுப்பார், பிங், அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்டுப் பதில் பார்க்கும் சோதனை, ஓரிரண்டு முறை தவறும், திரும்ப ஓடும், எல்லாரும் தலையாட்டுவார்கள்.

பிரச்சினை என்னவென்றால் ரவுட்டர்கள் அப்படிச் சுத்தமாகச் சாவது குறைவு. யூபிஎஸ் இருக்கிறது, ஜெனரேட்டர் இருக்கிறது. அவை காப்பாற்றுவது பெட்டியைத்தான். வெளியே காலி வீதியில் எங்கேயோ மரக்கிளை விழுந்து ஃபைபர் அறுந்தால், அந்த ஃபைபர் வந்து சேரும் வெள்ளைப் பெட்டி அலுவலகத்துக்குள் உயிரோடு நிற்கும். அந்தப் பெட்டியிலிருந்து ரவுட்டருக்கு வரும் செம்புக் கேபிள் உயிரோடு இருக்கும். ரவுட்டரின் பார்வையில் போர்ட் பச்சையாகத்தான் எரிகிறது. ரவுட்டருக்கும் குறையில்லை, உள்பக்க லைனுக்கும் குறையில்லை. ஆகவே நொடிக்கொருமுறை 'நான் இருக்கிறேன்' என்று உண்மையாகவே சொல்லிக்கொண்டிருக்கும். காத்திருக்கும் ரவுட்டர் அதைக் கேட்டுச் சும்மா இருக்கும். அலுவலகத்தின் பாக்கெட்டுகள் முழுவதும் முதலாவது ரவுட்டருக்குப் போய் அங்கேயே மறைந்துவிடும்.

சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் இப்படி நடந்தபோது கணக்குப் பிரிவிலிருந்து ஒரு அக்கா என்னை அழைத்தார். "தம்பி, வைஃபை ஃபுல்லாக் காட்டுது, ஒண்டும் திறக்குதில்லை. ரெண்டு லைன் இருக்கெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?" அந்தக் கேள்வி நியாயமானது. இரண்டு லைன்களை அந்த அலுவலகத்துக்குப் போட்டுக்கொடுத்த நிறுவனம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சரிபார்த்திருந்தது, விஆர்ஆர்பியும் ஓடியது. ஆனால் முதலாவது ரவுட்டர் தன் வெளிப்பக்கம் செத்ததை அறிந்துகொள்ள எந்த ஏற்பாடும் அதில் இல்லை. விஆர்ஆர்பி உள்பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதை மட்டும்தான் பார்க்கும். வெளிப்பக்கத்தைப் பார்ப்பது அதன் வேலையே இல்லை. இதை ஒவ்வொரு அலுவலகத்திலும் வெள்ளைப் பலகையில் படம் போட்டு விளங்கப்படுத்துகிறேன். கேட்பவர்கள் ஒவ்வொரு முறையும் ஆச்சரியப்படுகிறார்கள்.

ஆகவே ரவுட்டர் தன் வெளிப்பக்கத்தைத் தானே அடிக்கடி சோதிக்க வேண்டும். சோதனை தோற்றால் தன் முன்னுரிமையைக் குறைத்துக்கொள்ள வேண்டும், மற்றவர் முந்திக்கொள்வார். இதற்கு ட்ராக்கிங் என்பார்கள். போர்ட் எரிகிறதா என்று மட்டும் பார்க்கும் ட்ராக்கிங் மேலே சொன்ன நிலைமையில் பிரயோசனமில்லை. தூரத்தில் இருக்கும் ஒன்றைப் பிங் பண்ணிப் பார்க்க வேண்டும். அப்போது வரும் அடுத்த கேள்வி, எதை?

சேவை தரும் கொம்பனியின் அடுத்த ரவுட்டரைப் பிங் பண்ணலாம். அது பக்கத்தில் இருக்கிறது, விரைவாகப் பதில் சொல்லும். ஆனால் பழுது அந்தக் கொம்பனிக்கு உள்ளேயோ நாட்டுக்கு வெளியேயோ இருந்தால் உங்களுக்குத் தெரியவராது. பெரும்பாலானவர்கள் 8.8.8.8 என்று போட்டுவிடுகிறார்கள். இணையப் பெயர்களை ஐபி முகவரியாக மாற்றித்தரும் கூகுளின் அந்த டிஎன்எஸ் சேவகன் (சேர்வர்) உலகத்துக்கே பிங் பதில் சொல்லக் கடமைப்பட்டதில்லை, சிலசமயம் சொல்லாமல் விடும். அப்போது நல்ல லைன் செத்ததாகக் கணக்காகி, காரணமில்லாமல் அலுவலகம் முழுவதும் 4ஜிக்குத் தாவும். என் வழக்கம் வெவ்வேறு நெட்வொர்க்குகளில் இருக்கும் மூன்று முகவரிகளைச் சோதிப்பது. மூன்றும், தொடர்ந்து சில முறை, பதில் தராவிட்டால் மட்டும்தான் சாவு. ஒன்று போனால் பொருட்படுத்துவதில்லை.

இதற்குள்ளே ஒரு பொறி இருக்கிறது, பலர் விழுவது அதில்தான். சோதனைப் பாக்கெட் அந்த ரவுட்டரின் சொந்த வெளிப்பக்கம் வழியாகத்தான் போக வேண்டும். அதைக் கட்டாயப்படுத்தாவிட்டால் என்ன நடக்கும்? ஃபைபர் அறுகிறது. முதலாவது ரவுட்டர் சோதனையில் தோற்றுப் பொறுப்பை விடுகிறது. இப்போது அதன் இயல்பான பாதை இரண்டாவது ரவுட்டர் வழியாக மாறியிருந்தால், அடுத்த பிங் அந்த நல்ல லைன் வழியாகப் போய்ப் பதிலோடு வரும். 'ஆகா, என் லைன் சரியாகிவிட்டது' என்று முதலாவது பொறுப்பைத் திரும்ப எடுக்கும். எடுத்தவுடன் பிங் தோற்கும். திரும்ப விடும். இப்படி ஒரு நிமிடத்துக்குள் பலதடவை முன்னும் பின்னும் ஓடும். உள்ளே இருப்பவருக்கு இணையம் வந்து வந்து போகும், முற்றாக இல்லாமல் இருப்பதைவிட அது கொடுமை.

சரி, சோதனை முகவரிக்கு மட்டும் 'இந்த வெளிப்பக்கம் வழியாகத்தான்' என்று நிலையான பாதை எழுதிவிடலாம். அது சரியான வைத்தியம், ஆனால் அதிலும் ஒன்றைப் பார்க்க வேண்டும். அந்த முகவரி 8.8.8.8 என்று வையுங்கள். அலுவலகத்துக் கணினிகள் எல்லாவற்றிலும் டிஎன்எஸ் என்று போட்டிருப்பதும் அதே 8.8.8.8. ஒரே பெட்டிக்குள் இரண்டு வெளிப்பக்கங்களும் இருக்கிற அமைப்பில், ஃபைபர் அறுந்தவுடன் எல்லாப் போக்குவரத்தும் ஒழுங்காக 4ஜிக்குப் போகும், 8.8.8.8க்குப் போகிற கேள்விகள் மட்டும் அறுந்த ஃபைபரிலேயே கட்டிவைக்கப்பட்டிருக்கும். ஃபெயில்ஓவர் (மாற்று லைனுக்குத் தாவுவது) நடந்துவிட்டது, பதிவில் அப்படித்தான் இருக்கும், ஆனால் ஒரு பெயரும் முகவரியாக மாறாது, ஒரு பக்கமும் திறக்காது. பயனர்கள் ஒருபோதும் தொடாத முகவரிகளைத்தான் சோதனைக்கு எடுக்க வேண்டும்.

இன்னொரு தீர்மானம் இதைவிடக் கனமானது. இரண்டு ரவுட்டர்களும் ஒரே நேரத்தில் சோதனையில் தோற்றால்? லினக்ஸில் பலர் பயன்படுத்தும் கீப்அலைவ்டி என்ற விஆர்ஆர்பி மென்பொருளில், சோதனைக்கு எடை (தோற்றால் முன்னுரிமை எவ்வளவு குறைய வேண்டும் என்ற எண்) எதுவும் கொடுக்காமல் விட்டால், தோற்ற ரவுட்டர் பழுது நிலைக்குப் போய் முகவரியையே கீழே வைத்துவிடும். இரண்டும் தோற்றால் இரண்டும் வைத்துவிடும். அப்போது அலுவலகத்தில் கேட்வேயே இல்லை. இணையம் போனது ஒருபக்கம், மற்ற மாடியிலிருக்கும் கோப்புச் சேவகனுக்கும் பிரிண்டருக்கும் போகிற வழிகூட இல்லாமல் போகும், ஏனென்றால் மாடிக்கு மாடி பாக்கெட்டைக் கடத்தியதும் அதே முகவரிதான்.

உலகத்தின் மிகப் பெரிய நெட்வொர்க் ஒன்று இதே மாதிரி விழுந்தது. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி, பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை ஃபேஸ்புக்கின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பைத் துண்டித்தது. அவர்களின் டிஎன்எஸ் சேவகங்கள், தரவு மையத்தோடு பேச முடியாவிட்டால் தங்களை நோயாளி என்று முடிவுகட்டி 'இந்த முகவரிக்கு என் வழியாக வா' என்று மற்ற நெட்வொர்க்குகளுக்குச் சொல்லும் பிஜிபி அறிவிப்பைத் திரும்பப் பெறும்படி அமைக்கப்பட்டிருந்தன. ஒரு சேவகன் நோய்ப்பட்டால் அது நல்ல ஏற்பாடு, மற்றவை பார்த்துக்கொள்ளும். அன்றைக்கு எல்லாமே ஒரே காரணத்தால் ஒரே நேரத்தில் தங்களை நோயாளி என்று முடிவுசெய்து விலகிக்கொண்டன. வட்ஸ்அப்பும் சேர்ந்து ஏறத்தாழ 6 மணி நேரம் இல்லாமல் போனது. அதைப் பற்றி ஃபேஸ்புக் வெளியிட்ட அறிக்கையை வாசித்த பிறகு நான் எடை கொடுக்காத சோதனை எதையும் எங்கும் விட்டுவைப்பதில்லை. தோற்றால் முன்னுரிமை குறையட்டும், ஆனால் யாராவது ஒருவர் கதிரையில் இருக்க வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கம், இருவரும் கதிரையில் உட்காருவது. ரவுட்டர்கள் இரண்டுக்கும் நடுவில் செய்தி போகாவிட்டால் ஒவ்வொன்றும் மற்றது செத்ததாக நினைத்துப் பொறுப்பை எடுக்கும். வெளியே வரும் அறிகுறி ஒன்றுதான்: ஒருவருக்கு வேலை செய்யும், பக்கத்து மேசைக்கு இல்லை, ஐந்து நிமிடத்தில் மாறிவரும். அநேகமாக நடுவில் யாரோ ஒரு ஃபயர்வால் விதி எழுதியிருப்பார்கள். விஆர்ஆர்பி, இணையப் போக்குவரத்தில் பெரும்பாலானது பயன்படுத்தும் டிசிபியும் இல்லை யூடிபியும் இல்லை, தனி நெறிமுறை. அந்த இரண்டையும் அனுமதித்துவிட்டால் எல்லாவற்றையும் அனுமதித்ததாக நினைக்கும் விதிகளில் 112 மாட்டிக்கொள்ளும்.

போவதைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டேன். எனக்கு அதைவிடப் பயம் திரும்பி வருவதில்தான்.

முன்னுரிமை கூடிய ரவுட்டர் உயிர்த்தெழுந்தவுடன் பொறுப்பைத் திரும்பப் பறிக்க வேண்டுமா? விஆர்ஆர்பி இயல்பாகவே பறிக்கும். எச்எஸ்ஆர்பி நீங்கள் சொன்னால்தான் பறிக்கும். கொழும்பில் இந்த வேறுபாடு பெரிய விஷயம், ஏனென்றால் இங்கே கரண்ட் ஒரேயடியாக வந்து நிற்பதில்லை. வரும், இரண்டு நிமிடத்தில் போகும், ஜெனரேட்டர் பிடிக்கும், திரும்ப மாறும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் யூபிஎஸ் பேட்டரிகள் நிரம்ப நேரமே கிடைக்கவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரவுட்டர் விழுந்து எழும்பியது. 2025 பெப்ரவரி 9, பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் என்று அமைச்சர் சொன்ன அந்த நாடளாவிய மின்தடை ஞாயிற்றுக்கிழமை வந்ததால் பல அலுவலகங்கள் தப்பின.

ரவுட்டர் எழும்பும்போது எந்தப் பகுதி முதலில் தயாராகிறது என்று பாருங்கள். உள்பக்கப் போர்ட் உடனே தயார். விஆர்ஆர்பி உடனே தயார். 'எனக்கு முன்னுரிமை கூட, விலகு' என்று சொல்லிவிடும், நல்லபடி வேலை செய்துகொண்டிருந்த இரண்டாவது மரியாதையாக விலகிவிடும். ஆனால் வெளிப்பக்கத்தில் ஃபைபர் பெட்டி இன்னும் எழும்பவில்லை, கடவுச்சொல் கொடுத்து இணைப்புப் பெறவில்லை, பாதைகள் வந்து சேரவில்லை. நெட்வொர்க்கில் சுழல் பாதை வராமல் தடுக்கும் பழைய ஸ்பானிங் ட்ரீ ஓடுகிற ஸ்விட்சாக இருந்தால் போர்ட்டைத் திறக்கவே 30 நொடி எடுக்கும், அந்த நேரத்தில் இரண்டு ரவுட்டர்களும் தாங்கள்தான் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கும். ஒழுங்காக ஓடிய அலுவலகத்தை, பழுது தீர்ந்தது என்ற காரணத்தால், நீங்களே விழுத்துகிறீர்கள்.

என் கருத்து, இரண்டு லைனும் ஒரே தரமாக இருந்தால் பறிப்பதை நிறுத்திவிட வேண்டும். இரண்டாவது ஓடட்டும், மாலையில் எல்லாரும் போன பிறகு ஒரு மனிதன் பார்த்து மாற்றட்டும். ஆனால் இரண்டாவது லைன் அளவு வைத்த 4ஜியாக இருந்தால் அப்படி விட முடியாது, ஒரு பகலில் மாதத்து டேட்டா தீர்ந்துவிடும். அங்கே பறிக்கலாம், ஆனால் தாமதத்தோடு. நான் 10 நிமிடம் வைப்பேன், அந்த 10 நிமிடமும் வெளிப்பக்கச் சோதனை தவறாமல் வென்றிருக்க வேண்டும். மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்த ஃபைபர் இணைப்பு ஒன்று வந்து வந்து போகும்போது இந்தத் தாமதத்தின் அருமை விளங்கும்.

ரவுட்டர் மாறும்போது எது மாறாமல் இருக்கும், எது அறுந்துபோகும் என்பதையும் பயனர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். இரண்டு கொம்பனியின் லைன்கள் என்றால் வெளியுலகம் பார்க்கும் ஐபி முகவரி மாறிவிடும். இணையப் பக்கம் வாசித்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது. வட்ஸ்அப் அழைப்பு சில நொடி தடுமாறிச் சேர்ந்துகொள்ளும். அலுவலகத் தொலைபேசி இணையத்தில் ஓடினால் அழைப்பு அறும். விபிஎன் அறும். ரவுட்டர்கள் தங்களுக்குள் இணைப்பு அட்டவணையைப் பகிர்ந்துகொள்ள வசதிகள் இருக்கின்றன, ஓபன்பிஎஸ்டியில் பிஎஃப்சிங்க், லினக்ஸில் கான்ட்ராக்டி. ஆனால் வெளி முகவரியே மாறுகிற இடத்தில் அவை உதவா. சொந்த முகவரித் தொகுதி வாங்கி பிஜிபியோடு இரண்டு கொம்பனிக்கும் அறிவித்தால் தீரும், அது சிறு அலுவலகத்துக்குக் கட்டுப்படியாகாது.

இரண்டு லைனும் உண்மையில் இரண்டுதானா என்பதையும் நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். ஒரே தூணில் இரண்டு கொம்பனியின் கேபிளும் தொங்கும். கட்டடத்துக்குள் ஒரே குழாய் வழியாக மேலே ஏறும். மேலே இரண்டு ரவுட்டரும் ஒரே மல்டி பிளக்கில் நிற்கும். 4ஜி என்றால் கரண்ட் நீண்ட நேரம் இல்லாதபோது கோபுரத்தின் பேட்டரியும் இறங்கும். கடலுக்கடியிலும் இதே கதைதான்: 2008 ஜனவரி 30இல் அலெக்சாந்திரியா அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் என்ற கடலடிக் கேபிள்கள் இரண்டும் ஒரே நாளில் அறுந்தன. வெவ்வேறு உரிமையாளர்கள், வெவ்வேறு கேபிள்கள், ஒரே ஒடுக்கமான கடல். இங்கேயும் இணையம் ஊர்ந்தது.

சோதனை பார்ப்பதைப் பலர் போயா தினத்தில் வைத்துக்கொள்கிறார்கள். அலுவலகம் பூட்டியிருக்கும், யாருக்கும் தொந்தரவு இல்லை. பெட்டிகளைச் சோதிக்க அது போதும். ஆனால் யாரும் வேலை செய்யாத நாளில் எது உடைகிறது என்று சொல்ல யாருமில்லை. நான் எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, வேலை நாளில், காலை பத்து மணிபோலச் செய்யச் சொல்கிறேன். பிளக்கைத் தொடுவதில்லை. ஃபைபர் பெட்டியின் பின்னால் இருக்கும் பச்சை முனையை மட்டும் கழற்றுவேன், மற்றதெல்லாம் எரிந்துகொண்டிருக்கும். அதுதான் வீதியில் நடப்பதற்கு மிகக் கிட்டிய ஒத்திகை.

முன்னே சொன்ன சரக்கு அலுவலகத்தில் அப்படிச் செய்தபோது பாதை சில நொடிகளில் மாறியது, டிஎன்எஸ் நின்றுபோகவில்லை, ஒரு தொலைபேசி அழைப்பு மட்டும் அறுந்தது. கொஞ்ச நேரத்தில் கணக்குப் பிரிவு அக்கா எழும்பி வந்தார். "தம்பி, பாங்க் பக்கம் என்னை வெளியில போட்டுட்டுது. திரும்ப உள்ள விடுதில்லை." மாதக் கடைசியில் எல்லாருக்கும் சம்பளம் போடுகிற பக்கம் அது. அலுவலகத்தின் ஃபைபர் ஐபியை மட்டும் வங்கி அனுமதித்திருந்தது. 4ஜியிலிருந்து வந்தவரை அது அடையாளம் காணவில்லை. வங்கி தன் பாதுகாப்பைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. போயா தினத்தில் சோதித்திருந்தால் இது ஒரு சம்பள நாளில்தான் தெரிந்திருக்கும். 4ஜி லைனுக்கு நிலையான ஐபி வாங்கி அதையும் வங்கிக்கு எழுதிக் கொடுத்தோம்.

இப்போது அதே அலுவலகத்தில் மூன்றாவதாக, செயற்கைக்கோள் வழி இணையமான ஸ்டார்லிங்க் போடலாமா என்று கேட்கிறார்கள். 2025 ஜூலையிலிருந்து இலங்கையில் கிடைக்கிறது. போடலாம் என்றுதான் சொன்னேன்: தூணையும் குழாயையும் கோபுரத்தையும் பகிராத லைன் அது. சாதாரணத் திட்டத்தில் தனி வெளி ஐபி கிடைக்காது என்பதால் சம்பளப் பக்கம் அதில் ஓடாது, அதை அக்காவிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். விஆர்ஆர்பியில் அதற்கு மிகக் குறைந்த முன்னுரிமை கொடுப்போம். மிஞ்சியிருப்பது கூரைத் தட்டுக்கு எங்கிருந்து கரண்ட் எடுப்பது என்பது. லிஃப்ட் அறைக்குப் போகிற வயர் பக்கத்தில் இருக்கிறது, அதிலிருந்து எடுக்கலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். அந்த வயர் ஜெனரேட்டரில் இல்லை. நான்காம் மாடி யூபிஎஸ்ஸிலிருந்து தனியாக இழுக்கச் சொல்லியிருக்கிறேன்.